நீள்வட்டமாகிப்போன உருளை

என் மேசையில் மூன்று சிறிய உலோகத் துண்டுகள் கிடக்கின்றன. மூன்றும் ஒரே ஏ.இசட்.31 தகட்டிலிருந்து (சிறிதளவு அலுமினியமும் துத்தநாகமும் சேர்ந்த மெக்னீசியக் கலவை அது), 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட உருளைகளாகக் கடைந்து எடுக்கப்பட்டவை. முதல் துண்டைத் தகட்டின் தடிப்புத் திசையில் அறை வெப்பநிலையிலேயே அமுக்கினேன். சற்றே குறுகியதும் ‘டப்’ என்ற ஓசையுடன் ஏறத்தாழ 45 டிகிரிச் சாய்வில் இரண்டாகப் பிளந்துவிட்டது. இரண்டாவதை அதே திசையில், 300 டிகிரி செல்சியஸில், விநாடிக்கு 0.01 என்ற திரிபு வீதத்தில், அதாவது இருக்கும் உயரத்தில் விநாடிக்கு நூறில் ஒரு பங்கு குறையும் வேகத்தில், அமுக்கியபோது, 5.5 மில்லிமீட்டர் உயரத்துக்கு வரும் வரை ஒரு விரிசல்கூட விடாமல், உள்ளங்கையில் தட்டிய வடையைப் போலப் பரந்து கொடுத்தது. மூன்றாவதற்கும் அதே சூடு, அதே வேகம். தகடு எந்தத் திசையில் உருட்டப்பட்டதோ அந்தத் திசைக்கு இணையாக உருளையின் அச்சு இருக்குமாறு வெட்டியிருந்தேன் என்பது ஒன்றே வேறுபாடு. அதுவும் விரிசலிடவில்லை. ஆனால் வட்டமாக உள்ளே போன துண்டு நீள்வட்டமாக வெளியே வந்தது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அந்த மூன்றாவது துண்டைத்தான். உருளை வட்டம், அமுக்கிய தட்டுகள் தட்டை, உராய்வைக் குறைக்க இட்ட கிராஃபைட் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல. அப்படியிருக்க ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஏன் விரிய வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், வார்க்காமல் அடித்தும் உருட்டியும் பிதுக்கியும் உருவாக்கும் மெக்னீசியக் கலவைகளின் கதையில் பாதி புரிந்துவிடும். அந்தக் கலவைகளைச் சூட்டில் வடிவமைப்பது ஒரு வேலை, அவற்றுக்கு வலிமை ஊட்டுவது இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல விரும்புகிறேன்.

மெக்னீசியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம். அலுமினியத்துக்கு 2.70, இரும்புக்கு 7.87. வடிவமைப்பாளர்கள் அதன் மேல் ஆசை வைப்பதற்கு இந்த ஒரு எண் போதும். ஆனாலும் இன்று பயன்பாட்டிலிருக்கும் மெக்னீசியப் பாகங்களில் மிகப் பெரும்பாலானவை அச்சில் வார்க்கப்பட்டவையே. தகடாகவும் கம்பியாகவும் அடித்த பாகமாகவும் கிடைப்பவை மிகச் சொற்பம். இதற்குக் காரணம் உலோகத்தின் படிகக் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

அலுமினியத்தின் அணுக்கள் கனசதுர அடுக்கில் அமைந்தவை. எந்தப் பக்கம் தள்ளினாலும், அணுத்தளங்கள் ஒன்றின் மேல் ஒன்று நழுவுவதற்கு ஏற்ற வழி ஏதாவது ஒன்று அங்கே அருகில் இருக்கும். மெக்னீசியமோ அறுகோண அடுக்கு கொண்டது. அறுகோணப் பட்டகத்தின் உயரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் உள்ள விகிதம் 1.624. அறை வெப்பநிலையில் இதில் எளிதாக நழுவுவது பட்டகத்தின் அடித்தளம் மட்டுமே. சீட்டுக்கட்டை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் வழுக்கிக்கொண்டு போகும். மேலிருந்து அழுத்தினால் கட்டு கல்லாக நிற்கும். மெக்னீசியப் படிகமும் ஏறத்தாழ அப்படித்தான். தூய மெக்னீசியத்தின் ஒற்றைப் படிகத்தில் அடித்தள நழுவலைத் தொடங்க அரை மெகாபாஸ்கல் அளவிலான வெட்டுத் தகைவு, அதாவது தளத்தின் ஒரு பரப்பலகைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, போதும். பட்டகத்தின் பக்கத் தளங்களில் நழுவல் தொடங்க அதே அறை வெப்பநிலையில் பல பத்து மெகாபாஸ்கல் வேண்டும்.

பல படிகங்கள் சேர்ந்த திண்மத்தில் ஒவ்வொரு படிகமும், அதாவது ஒவ்வொரு பரலும் (நாங்கள் ஆய்வகத்தில் ‘கிரெய்ன்’ என்றே சொல்வோம்), தன் அண்டைப் பரல்களோடு ஒட்டிக்கொண்டே எந்த வடிவத்துக்கும் மாற வேண்டுமானால், ஒன்றையொன்று சாராத ஐந்து நழுவல் வழிகள் வேண்டும் என்று ஃபான் மிசஸ் 1928இல் காட்டினார். அடித்தள நழுவல் தருவது இரண்டு. பக்கத் தளங்களையும் சேர்த்தால் நான்கு. பட்டகத்தின் உயரத் திசையில், அதாவது அதன் நெட்டச்சில், ஒரு பரலைச் சுருக்கவோ நீட்டவோ இவற்றில் எதனாலும் முடியாது. அதற்குச் சாய்தளங்களில் நிகழும் வேறொரு நழுவல் வேண்டும், அது அறை வெப்பநிலையில் மிகக் கடினமானது. என் முதல் துண்டு பிளந்ததற்குக் காரணம் இதுதான். உருட்டிய தகட்டில் பெரும்பாலான பரல்களின் அடித்தளங்கள் தகட்டின் முகத்துக்கு இணையாகப் படுத்துக் கிடக்கின்றன. தடிப்புத் திசையில் அமுக்குவது சீட்டுக்கட்டை மேலிருந்து அழுத்துவதே.

சூடு ஏறும்போது நிலைமை மாறுகிறது. அடித்தள நழுவலுக்கு வேண்டிய தகைவு வெப்பநிலையோடு அதிகம் மாறுவதில்லை. ஆனால் பக்கத் தளங்களிலும் சாய்தளங்களிலும் நழுவத் தேவையான தகைவு சடசடவென்று இறங்குகிறது. 200 டிகிரியைத் தாண்டியதும் மூடியிருந்த வழிகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்குகின்றன. 300 டிகிரியில் மெக்னீசியம் கிட்டத்தட்ட அடங்கிய உலோகம். ‘கிட்டத்தட்ட’ என்று சொல்வதற்குக் காரணம், அந்த நீள்வட்டத் துண்டு. 300 டிகிரியிலும் எல்லா வழிகளும் சமமாகத் திறப்பதில்லை; பரல்கள் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும்வரை உலோகம் தனக்குப் பிடித்த பக்கமே அதிகமாக ஓடும்.

நழுவலைத் தவிர இன்னொரு வழியும் மெக்னீசியத்துக்கு உண்டு. படிகத்தின் ஒரு பகுதி சட்டென்று புரண்டு, மீதிப் பகுதியின் கண்ணாடிப் பிம்பம் போல நின்றுவிடும். இதை இரட்டையாதல் என்கிறோம். மெக்னீசியத்தில் மிக எளிதாக நிகழும் இரட்டையாதலில் படிகம் ஏறத்தாழ 86 டிகிரி புரள்கிறது. படுத்துக் கிடந்த சீட்டுக்கட்டு எழுந்து நின்றுவிடுவதைப் போன்றது அது. ஆனால் இது ஒருவழிப் பாதை: படிகம் அதன் நெட்டச்சில் இழுபடும்போது இந்தப் புரளல் நிகழும், அதே திசையில் அமுக்கப்படும்போது நிகழாது.

இந்த ஒருவழிப் பாதையின் விளைவைப் பிதுக்கிய கம்பிகளில் பார்க்கலாம். முறுக்கு உழக்கில் மாவைப் பிழிவது போல, சூடாக்கிய உலோகக் கட்டையை அச்சின் வழியே தள்ளிக் கம்பியாக்குகிறார்கள். வெளியே வரும் மெக்னீசியக் கம்பியில் பெரும்பாலான பரல்களின் அடித்தளங்கள் கம்பியின் நீளத்துக்கு இணையாக அமைந்திருக்கும். நெட்டச்சுகள் கம்பிக்குக் குறுக்கே நிற்கும். கம்பியை நீளவாக்கில் இழுத்தால் குறுக்களவு சுருங்கும், நெட்டச்சுகளும் சுருக்கப்படும், ஆகவே இரட்டையாதலுக்கு இடமில்லை. கம்பி விறைப்பாக நிற்கும். நீளவாக்கில் அமுக்கினால் குறுக்களவு விரியும், நெட்டச்சுகள் இழுபடும், பரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டுவிடும். கம்பி மிகக் குறைந்த தகைவிலேயே தளர்ந்துவிடும். பொறியியல் கையேடுகள் பிதுக்கிய ஏ.இசட்.31 கலவைக்குத் தரும் எண்களைப் பாருங்கள்: இழுக்கும்போது நெகிழ்வுத் தகைவு (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) சுமார் 200 மெகாபாஸ்கல், அமுக்கும்போது சுமார் 97. பாதிக்கும் குறைவு. ஒரே கம்பி, ஒரே கலவை, ஒரே நாளில் பிதுக்கியது.

இந்த இரண்டு எண்களில் இரண்டாவதைப் பாராமல் போனதால் வீணான ஒரு பாகத்தை நான் கண்டிருக்கிறேன். இலகுவான ஒரு தாங்கியை வடிவமைத்தவர்கள், விற்பனைத் தாளில் இருந்த இழுவை எண்ணை மட்டும் கொண்டு கணக்கிட்டிருந்தார்கள். தாங்கியின் ஒரு கால் வளையும்போது உட்பக்கம் அமுக்கத்துக்கு உள்ளாகும் என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தார்கள். எஃகிலும் அலுமினியத்திலும் பழகிய கை, இழுவைக்கும் அமுக்கத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டது. சோதனையின்போது கால் உடையவில்லை, உட்பக்கமாக மடிந்து அப்படியே நின்றுவிட்டது. என்னிடம் வந்த துண்டைத் தேய்த்து அரித்துப் பார்த்தபோது, உட்பக்கம் முழுவதும் பரல்களின் குறுக்கே இரட்டைப் படிகப் பட்டைகள், ஓலைப்பாயின் கீற்றுகளைப் போல நிறைந்திருந்தன. வெளிப்பக்கத்தில் அவை அரிதாகவே இருந்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘இந்தக் கலவையின் வலிமை இவ்வளவு’ என்று ஒற்றை எண்ணை எழுதும் வழக்கமே மெக்னீசியத்துக்குப் பொருந்தாத வழக்கம்.

இனிச் சூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். 300 டிகிரியில் ஏ.இசட்.31 உருளை ஒன்றை மாறாத திரிபு வீதத்தில் அமுக்கினால், தகைவு முதலில் வேகமாக ஏறும், சிறிய திரிபிலேயே ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு மெல்ல இறங்கி ஒரு மட்டத்தில் நிலைக்கும். உலோகம் அமுக்கப்பட அமுக்கப்பட இறுகும் என்றுதான் கல்லூரியில் படித்திருப்போம். இங்கே அது இளகுகிறது. காரணம், உருக்குலைவு நடந்துகொண்டிருக்கும்போதே பழைய பரல்களின் ஓரங்களில் புதிய, தூய்மையான, மிகச் சிறிய பரல்கள் பிறக்கின்றன. இதை இயங்குநிலை மறுபடிகமாதல் என்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் பழைய பெரிய பரலைச் சுற்றிச் சிறுமணிகள் கோத்த மாலையைப் போலப் புதியவை அமர்ந்திருக்கும். ‘கழுத்தணி’ என்றே அந்த அமைப்புக்குப் பெயர்.

மெக்னீசியத்தில் இது எப்படி நிகழ்கிறது என்பதைத் தெளிவாக்கிய ஆய்வுகளில் ஒன்று அணு உலைகளோடு தொடர்புடையது. பிரிட்டனின் முதல் தலைமுறை அணுமின் உலைகளில் யுரேனியக் கோல்களைப் பொதிந்திருந்த உறை, 0.8 விழுக்காடு அலுமினியம் கலந்த மெக்னீசியம். மேக்னாக்ஸ் என்று அதற்குப் பெயர், கால்டர் ஹாலில் 1956இல் மின் உற்பத்தி தொடங்கிய அந்த உலை வகைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. அதே 0.8 விழுக்காட்டுக் கலவையைச் சூட்டில் அமுக்கி ஆராய்ந்த அயன், ஹம்ஃப்ரீஸ், வைட் ஆகியோர் 1982இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். பரலின் நடுப்பகுதி அடித்தள நழுவலால் மட்டும் உருக்குலைய, அண்டைப் பரலோடு ஒட்டியிருக்கும் ஓரப்பகுதி அதனோடு ஒத்துப்போக வேண்டியிருப்பதால் மற்றத் தளங்களிலும் நழுவி, சிறிது சிறிதாகச் சுழன்று, இறுதியில் தனிப் பரலாகப் பிரிந்துவிடுகிறது. நழுவல் வழிகள் போதாமையே மறுபடிகமாதலைத் தூண்டுகிறது என்ற இந்த எண்ணம், படித்த நாளிலிருந்து எனக்கு மிகப் பிடித்துப்போனது.

ஆனால் எல்லா வெப்பநிலையிலும் ஒரே வழி செயல்படுவதில்லை. துத்தநாகமும் சிர்கோனியமும் கலந்த இசட்.கே.60 கலவையை வைத்துக் கலியேவ், கைபிஷேவ், காட்ஸ்டைன் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறது. 200 டிகிரிக்குக் கீழே இரட்டையாதலோடும் அடித்தள நழுவலோடும் பிணைந்த மறுபடிகமாதல். 200 முதல் 250 வரை, படிகப் பிறழ்வுகள் (நழுவலைச் சுமந்து செல்லும், அணு அடுக்கின் கோட்டுக் குறைகள்) ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்குத் தாவுவதால் சிறுகச் சிறுக நிகழும் தொடர் மறுபடிகமாதல். 300 முதல் 450 வரை, பிறழ்வுகள் தளத்தை விட்டு ஏறி நகர, பரல் எல்லைகள் புடைத்துப் புதுப் பரல்களாக வெடிக்கும் வகை. பாடநூல்களில் இவை அழகாகப் பிரிந்து நிற்கும். நுண்ணோக்கியில் நான் பார்த்த மாதிரிகளில் இரண்டு வகைகள் ஒரே படத்தில் அருகருகே கிடந்த நாட்களே அதிகம்.

இந்தப் படங்களை எடுப்பதற்குப் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அமுக்கி முடித்ததும் மாதிரியை ஓரிரு விநாடிகளுக்குள் தண்ணீரில் போட வேண்டும். தாமதித்தால் சூட்டிலேயே புதுப் பரல்கள் வளர்ந்துவிடும், நாம் பார்ப்பது அமுக்கத்தின் விளைவாக இராது, நம் சோம்பலின் விளைவாக இருக்கும். அப்படிக் குளிர்வித்த மாதிரியை மெருகேற்றும்போதோ தண்ணீரே கூடாது. மற்ற உலோகங்களில் பழகிய வழக்கத்தில் முதல் மூன்று மாதிரிகளைக் கடைசி மெருகுக்குப் பின் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். கண்ணாடி போலிருந்த முகம் கண்ணெதிரே கருத்துப்போனது. அதன் பிறகு எத்தனால் மட்டுமே. பரல்களைக் காட்டும் அரிப்புக் கரைசலில் பிக்ரிக் அமிலம் உண்டு. அது உலர்ந்தால் வெடிக்கக்கூடியது என்பதால், அந்தப் புட்டியின் மூடியோரத்தை ஈரத்துணியால் துடைக்காமல் ஒருநாளும் நான் வீட்டுக்குப் போனதில்லை.

புதிதாகப் பிறக்கும் பரல்களின் அளவை எது தீர்மானிக்கிறது? வெப்பநிலையும் திரிபு வீதமும் சேர்ந்து. கிளாரன்ஸ் சீனர் என்ற இயற்பியலாளரும் ஹாலமனும் எஃகுக்காக 1944இல் முன்வைத்த ஓர் அளவுரு இரண்டையும் ஒரே எண்ணாக்குகிறது; திரிபு வீதத்தை, வெப்பநிலை தாழத் தாழ அடுக்குக்குறி முறையில் ஏறும் ஒரு காரணியால் பெருக்குவதே அது. வேகத்தைக் கூட்டினாலும் சூட்டைக் குறைத்தாலும் அந்த எண் ஏறும். எண் ஏறினால் பரல் சிறுக்கும். அந்தக் காரணிக்குள் கிளர்வாற்றல் என்றொரு அளவு உள்ளது, அணுக்கள் இடம்பெயரத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை அது. மெக்னீசிய அணுக்கள் தம் படிகத்துக்குள்ளேயே ஊடுருவி நகர்வதற்கான கிளர்வாற்றல் மோலுக்கு 135 கிலோஜூல். அமுக்கச் சோதனைகளிலிருந்து வருவிக்கப்படும் மதிப்புகள் பெரும்பாலும் அதற்கு மேலேயே நிற்கின்றன. ஐந்து வெப்பநிலை, நான்கு வேகம், இருபது உருளைகள், ஒரு நேர்கோடு, அதிலிருந்து ஒரு கிளர்வாற்றல் என்று எழுதப்படும் கட்டுரைகள் ஏராளம். அந்த எண்ணுக்கு இயற்பியல் பொருள் கற்பிப்பதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. நேர்கோடு தகைவுகளை முன்கூட்டிச் சொல்ல உதவும். உள்ளே எந்தப் பொறிமுறை இயங்கியது என்று அது சாட்சி சொல்லாது.

எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் வேலை செய்தால் உலோகம் கெடாமல் இணங்கும் என்பதை ஒரே படத்தில் காட்டும் முயற்சியில் இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் பிரசாத், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 1984இல் வெளியிட்ட கட்டுரை, டைட்டானியக் கலவை ஒன்றை எடுத்துக்கொண்டு ‘செயல்முறை வரைபடம்’ என்ற கருத்தை நிலைநாட்டியது. உலோகத்துக்குள் செலுத்தும் ஆற்றலில் எவ்வளவு நுண்ணமைப்பை மாற்றுவதில் செலவாகிறது என்பதை விழுக்காடாகக் கணக்கிட்டு, வெப்பநிலை ஓர் அச்சாகவும் திரிபு வீதம் மற்றோர் அச்சாகவும் வைத்து, நில வரைபடத்தின் உயரக்கோடுகளைப் போல வரைவது அது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் துருப்பிடிக்கா எஃகு வகைகளுக்கு இத்தகைய வரைபடங்கள் வரையப்பட்டன. மெக்னீசியக் கலவைகளுக்கும் பின்னாளில் பிரசாத்தும் அவருடைய சகாக்களும் விரிவாக வரைந்தார்கள். வரைபடத்தில் மேடு எங்கே இருக்கிறதோ அங்கே மறுபடிகமாதல் நிகழ்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவது இன்றைய வழக்கமாகிவிட்டது. பரல் எல்லைகளில் விரிசல் பிறந்தாலும் அதே மேடு வரும். அங்கே அமுக்கிய மாதிரியை வெட்டிப் பார்க்காமல் வரைபடத்தை மட்டும் நம்புவது, சோற்றை ஒரு பருக்கையாவது பதம் பாராமல் வடித்துவிடுவதற்குச் சமம். வார்த்த கட்டைக்கு வரைந்த படம் பிதுக்கிய கம்பிக்குப் பொருந்தாது என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. மெக்னீசியம் சம்மட்டி அடியைத் தாங்காது; அதே உருக்குலைவை மெதுவாக அமுக்கிச் செய்தால் இணங்கும். மெக்னீசியம் தாராளமாகக் கிடைத்த ஜெர்மனியில், இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் இரண்டாம் போரின்போதும் அதைக் கொண்டு விமானப் பாகங்கள் செய்யப் புகுந்தவர்கள், சம்மட்டிகளை விட்டுவிட்டு மாபெரும் நீரியல் அமுக்கிகளைக் கட்டினார்கள். அவற்றில் மிகப் பெரியது 30,000 டன் விசை கொண்டது. போர் முடிந்ததும் அது சோவியத் ஒன்றியத்துக்குப் போயிற்று, 15,000 டன் அமுக்கிகள் இரண்டு அமெரிக்காவுக்கு வந்தன. தாங்கள் பின்தங்கிவிட்டோம் என்பதை உணர்ந்த அமெரிக்க வான்படை, 1950களில் பத்து பெரும் இயந்திரங்களைக் கட்டும் திட்டத்தைத் தொடங்கியது. கிளீவ்லாந்திலும் கிராஃப்டனிலும் 50,000 டன் அமுக்கிகள் 1955இல் இயங்கத் தொடங்கின. பின்னர் ஜெட் விமானங்களின் அலுமினியச் சட்டங்களையும் டைட்டானியச் சட்டங்களையும் அமுக்கித் தந்த அந்த இயந்திரக் குடும்பத்தின் மூலத்தைத் தேடிப் போனால், அறுகோணப் படிகம் ஒன்றின் நழுவல் வழிகள் போதாமையில் போய் முடியும்.

இனி வலிமைக்கு வருவோம். பரல் சிறுத்தால் வலிமை கூடும் என்பது எல்லா உலோகங்களுக்கும் பொது. ஹால்-பெட்ச் தொடர்பு என்பார்கள். மெக்னீசியத்தில் அந்தத் தொடர்பின் சரிவு மிகச் செங்குத்தானது. பரலின் விட்டத்தை மைக்ரானில் எடுத்துக்கொண்டால் அதன் கெழு ஏறத்தாழ 200 முதல் 300 வரை வரும். தூய அலுமினியத்தில் 70 அளவைத் தாண்டாது. கணக்கிட்டுப் பார்த்தால், 25 மைக்ரான் பரல்களை 4 மைக்ரானாகக் குறைக்கும்போது மெக்னீசியத்துக்கு 75 மெகாபாஸ்கல் அளவுக்குக் கூடுகிறது. அதே வேலை அலுமினியத்துக்கு 20 மெகாபாஸ்கல்தான் தரும். நழுவல் வழிகள் குறைவு என்ற அதே குறை இங்கே நமக்குச் சாதகமாகிவிடுகிறது: ஒரு பரலில் ஓடும் நழுவல் எல்லையைத் தாண்டி அடுத்த பரலுக்குள் புகத் தோதான தளம் கிடைப்பது அரிது, ஆகவே ஒவ்வோர் எல்லையும் கெட்டியான சுவர். பரல்கள் சிறுக்கும்போது இரட்டையாதலும் கடினமாவதால், இழுவைக்கும் அமுக்கத்துக்கும் உள்ள இடைவெளியும் குறைகிறது.

அப்படியானால் சூட்டைக் குறைத்து, வேகத்தைக் கூட்டிப் பிதுக்கினால் வேலை முடிந்ததல்லவா? தொழிற்சாலையில் சிக்குவது இங்கேதான். சூட்டைக் குறைத்தால் அமுக்கியின் விசை போதாது, விளிம்புகளில் விரிசல். வேகத்தைக் கூட்டினால் உருக்குலைவின் வெப்பம் வெளியேற நேரமில்லை. ஒரு கன சென்டிமீட்டர் மெக்னீசியத்தை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.8 ஜூல் போதும், எஃகுக்கு 3.5 ஜூலுக்கு மேல் வேண்டும். 100 மெகாபாஸ்கல் தகைவில் 1 என்ற திரிபை (என் இரண்டாவது துண்டு குறுகிய அளவு அது) வேகமாகச் செய்தால், மெக்னீசியத்தின் உள்வெப்பம் சுமார் 50 டிகிரி ஏறிவிடும். பிதுக்கலில் திரிபு 3 வரை போவது சாதாரணம். மெக்னீசியமும் துத்தநாகமும் சேர்ந்த நல்லுருகு கலவை, அதாவது அவை சேர்வதில் மிகத் தாழ்ந்த சூட்டில் உருகும் கலவை, 340 டிகிரியிலேயே உருகத் தொடங்குவதால், இசட்.கே.60 கம்பியை அவசரப்பட்டுப் பிதுக்கினால் மேற்பரப்பு குறுக்குக் குறுக்காகக் கிழிந்து, பனைமரத்துத் தண்டைப் போல வெளியே வரும். மெதுவாகப் பிதுக்கி, பின்னர்ச் சூட்டில் முதிரவைத்தால் அதே கலவை இழுவையில் சுமார் 305, அமுக்கத்தில் சுமார் 250 மெகாபாஸ்கல் தருகிறது, ஏ.இசட்.31 கம்பியின் பாதிக்குப் பாதி விகிதத்தோடு ஒப்பிட்டால் இது மிக நல்ல நிலை. ஆனால் மெதுவாக என்பதற்கு விலை உண்டு. வீட்டு ஜன்னல் சட்டத்துக்கான அலுமினியம் நிமிடத்துக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் பிதுங்கும் பட்டறையில், நிமிடத்துக்குச் சில மீட்டர் மட்டுமே தரும் கம்பிக்கு யார் இயந்திர நேரம் ஒதுக்குவார்கள்?

வலிமையின் உச்சங்களைத் தொட்டவர்கள் ஜப்பானியர்கள். குமாமோட்டோ பல்கலைக்கழகத்தின் கவமுராவும் அவருடைய குழுவினரும் 2001இல், அணு விழுக்காட்டில் 1 துத்தநாகமும் 2 இட்ரியமும் சேர்ந்த மெக்னீசியத்தை மிக வேகமாகக் குளிர்வித்துப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சூட்டில் பிதுக்கி, 610 மெகாபாஸ்கல் நெகிழ்வுத் தகைவை எட்டினார்கள். நீட்சி, அதாவது உடையும் முன் நீளும் அளவு, 5 விழுக்காடு. மெக்னீசியம் என்றால் மென்மை என்று பழகியிருந்தவர்கள் அந்த எண்ணை இரண்டு முறை படித்திருப்பார்கள். பொடி வழியின்றி வார்த்த கட்டையிலிருந்தே, கடோலினியமும் இட்ரியமும் மிகுதியாகச் சேர்த்துச் சூட்டில் பிதுக்கி முதிரவைத்து, 473 மெகாபாஸ்கல் நெகிழ்வுத் தகைவும் 8 விழுக்காடு நீட்சியும் பெற்றதாக ஹொம்மா, குனிட்டோ, கமாடோ ஆகியோர் 2009இல் எழுதினார்கள்.

இத்தகைய கலவைகள் பலவற்றின் நுண்ணமைப்பில் எனக்கு வியப்பூட்டுவது, அவை முழுவதுமாக மறுபடிகமாகாமல் விடப்பட்டிருப்பதே. பிதுக்கிய கம்பியில் ஒரு பகுதி மிகச் சிறிய புதுப் பரல்கள்; மீதி, நீண்டு மெலிந்து, ஒரே திசையில் வரிசைகட்டி நிற்கும் பழைய பரல்கள். பழையவை வலிமையைத் தாங்குகின்றன, புதியவை நெகிழ்ந்து கொடுக்கின்றன. சூட்டைச் சற்றுக் கூட்டினால் புதியவை பெருகி நீட்சி ஏறும், வலிமை இறங்கும், குறைத்தால் மறுதலை. கடோலினியம், இட்ரியம் போன்ற அரிய மண் தனிமங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு: சிறிதளவே சேர்த்தாலும் பரல்கள் ஒரே பக்கம் சாய்வதைத் தளர்த்திவிடுகின்றன, உருட்டிய தகடு வளைக்க எளிதாகிறது. விலையைக் கேட்டால் மட்டும் மனம் சோர்ந்துவிடும். ஆய்விதழ்களில் 400 மெகாபாஸ்கலைத் தாண்டும் ஒவ்வொரு கட்டுரையையும் படிக்கும்போது நான் முதலில் தேடுவது கடோலினியத்தின் விழுக்காட்டை. அடுத்து, அமுக்கச் சோதனையின் எண் தரப்பட்டிருக்கிறதா என்பதை. இழுவை எண் தலைப்பிலேயே இருக்கும், அமுக்க எண் பல நேரங்களில் எங்குமே இராது.

சேலத்தின் வெள்ளைக் குன்றுகளில் மெக்னீசைட் தோண்டப்படுவது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கல் பெரும்பாலும் உலைகளுக்கான தீச்செங்கல்லாகப் போகிறது, உலோகமாக அன்று. உலகின் மெக்னீசிய உலோகத்தில் பெரும்பகுதியைச் சீனாவே உருக்கித் தருகிறது. விலை, அரிப்பு, தீப்பற்றும் என்ற அச்சம் ஆகிய மூன்றும் தனித்தனிப் பதிவுகளுக்கு உரியவை.

சென்ற வாரம் அந்த நீள்வட்டத் துண்டை மீண்டும் எடுத்து, நடுவே அறுத்து, மெருகேற்றிப் பார்த்தேன். நடுப்பகுதியில் புதுப் பரல்கள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்குக் கீழே. அடித்தளங்கள் இப்போது அமுக்கிய திசைக்குச் செங்குத்தாகத் திரும்பிவிட்டிருந்தன. மேல், கீழ் முகங்களையொட்டிய பகுதியிலோ, தட்டுகளின் உராய்வால் திரிபு எட்டாமல், பழைய பெரிய பரல்கள் பழைய திசையிலேயே கிடந்தன. ஐந்தரை மில்லிமீட்டர் உயரத்துக்குள் இரண்டு வேறு உலோகங்கள். அந்த இரண்டு பகுதிகளிலிருந்தும் தனித்தனியாகச் சிறு சதுரத் துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறேன். இம்முறை அறை வெப்பநிலையில், மூன்று திசைகளிலும் அமுக்கிப் பார்க்க வேண்டும்.